எஸ்கியூஎல் ஆட்டோகம்ப்ளீட்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

எஸ்கியூஎல் மொழியில் டேட்டாபேஸ் க்வெரி, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கிற கேள்வி, எழுதும்போது டேபிள் பெயரையும் ஃபீல்டு பெயரையும் தானாக எடுத்துக் கொடுக்கிற கருவி ஒன்று வேண்டும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது என்று தேட ஆரம்பித்தால் சீக்கிரமே தலை சுற்றிவிடும். ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருக்கிற இலவச எடிட்டரே இதைச் செய்யும் என்கிறார்கள் சிலர். அதே வேலைக்கு ஆண்டுச் சந்தா கேட்கிறார்கள் சிலர். இனிமேல் இதெல்லாம் எதற்கு, முழுக் க்வெரியையும் ஏஐ எழுதிவிடுமே என்கிறவர்களும் உண்டு. மூன்றையும் ஆட்டோகம்ப்ளீட் என்றே விற்கிறார்கள், ஆனால் உள்ளே நடக்கிற வேலை வேறு வேறு. அது தெரிந்தால் காசு எங்கே போகிறது என்பதும் தெரிந்துவிடும்.

விற்பவர்கள் டைப்பிங் மிச்சமாகும் என்று விளம்பரம் செய்தாலும், உண்மையில் நீங்கள் வாங்குவது உங்கள் டேட்டாபேஸின் அமைப்பைப் பற்றி அந்தக் கருவிக்கு இருக்கிற அறிவைத்தான். அதில் பெரும்பகுதி இலவசமாகவே கிடைக்கிறது. மிச்சத்தில் ஒரு பெரிய துண்டை எந்தக் கருவியாலும் தர முடியாது, அதை டேட்டாபேஸ்தான் தர வேண்டும்.

கருவிக்குள் என்ன நடக்கிறது

நீங்கள் ஒரு எழுத்தைத் தட்டியதும் கருவி மூன்று வேலைகளைச் செய்கிறது.

1. எழுதியிருப்பதைப் படிக்கிறது. இதைச் செய்யும் பகுதிக்குப் பார்சர் என்று பெயர். இங்கே ஒரு சிக்கல் உண்டு: பாதி எழுதிய க்வெரி எப்போதுமே தப்பான க்வெரிதான். சர்வருக்கு அனுப்பினால் பிழை என்று சொல்லி நின்றுவிடும். ஆட்டோகம்ப்ளீட் பார்சருக்கு அந்தச் சொகுசு கிடையாது. அடைப்புக்குறி மூடாமல், கமா தொங்கிக்கொண்டு இருக்கிற அந்த அரைகுறை வரியிலிருந்தே நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

2. ஸ்கீமாவைப் பார்க்கிறது. என்னென்ன டேபிள் இருக்கிறது, எதில் எந்த ஃபீல்டு, அதன் வகை என்ன, எந்த டேபிள் எதோடு சேர்கிறது என்கிற விவரம் எல்லாம் டேட்டாபேஸுக்குள்ளேயே இருக்கிறது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூஎல் சர்வர் என்ற மூன்று டேட்டாபேஸ்களிலும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமா என்ற பெயரில் கிடைக்கும், ஆரக்கிளில் டேட்டா டிக்ஷனரி என்பார்கள். கருவி இதை ஒருமுறை இழுத்துத் தன்னிடம் சேமித்து வைத்துக்கொள்கிறது.

3. இரண்டையும் பொருத்தி, இந்த இடத்தில் எது வரலாம் என்று ஒரு பட்டியல் காட்டுகிறது.

மூன்றாவது வேலை எளிது. இரண்டாவது எந்தக் கருவிக்கும் ஏறக்குறைய இலவசம், ஏனென்றால் விவரத்தைத் தருவது டேட்டாபேஸ். கருவிக்குக் கருவி உண்மையான வித்தியாசம் முதல் வேலையில்தான் வருகிறது. போஸ்ட்கிரெஸோடு வரும் பிஎஸ்கியூஎல் என்ற கமாண்ட் லைன் கருவியில் டேப் கீயைத் தட்டினால் பெயர்கள் வரும், ஆனால் இது எஸ்கியூஎல் பார்சர் என்று நாங்கள் சொல்லிக்கொள்ளவில்லை என்று அதன் ஆவணமே நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. டேபிள் பெயர் வரைக்கும் கைகொடுக்கும், சிக்கலான க்வெரியின் நடுவில் கைவிட்டுவிடும்.

சேமித்து வைப்பது என்றேனே, அதிலும் ஒரு தொல்லை. மைஎஸ்கியூஎல் கமாண்ட் லைனில் ஒரு பெரிய டேட்டாபேஸைத் திறந்தவர்களுக்கு அந்தச் செய்தி நினைவிருக்கும்: டேபிள், ஃபீல்டு பெயர்களை ஆட்டோகம்ப்ளீட்டுக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன், சீக்கிரம் திறக்க வேண்டுமானால் மைனஸ் ஏ போட்டு இதை நிறுத்திக்கொள் என்று. நிறைய டேபிள் இருந்தால் அந்த ஒரு வரியில் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். இதன் மறுபக்கமும் உண்டு. எஸ்கியூஎல் சர்வருக்கு மைக்ரோசாஃப்ட் தரும் எடிட்டரான மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் இப்போதுதான் உருவாக்கிய டேபிளின் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு வரும், க்வெரியை ஓட்டினால் ஒழுங்காக ஓடும். பழைய சேமிப்பை வைத்துக்கொண்டு கருவி அடம்பிடிக்கிறது, அவ்வளவுதான். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்துத் தட்டினால் புதுப்பித்துக்கொள்ளும். இலவசக் கருவி சரியில்லை என்று காசு கொடுத்து வேறு ஒன்றை வாங்கப் போகிறவர்களில் சிலருக்குத் தேவைப்பட்டது இந்த மூன்று கீ மட்டும்தான்.

செலக்ட் முன்னால் வருவதுதான் பெரிய வில்லங்கம்

எஸ்கியூஎல் 1974-இல் ஐபிஎம்மில் சேம்பர்லினும் பாய்ஸும் வடிவமைத்த மொழி. ஆங்கில வாக்கியம் மாதிரிப் படிக்க வேண்டும் என்று, எந்த ஃபீல்டு வேண்டும் என்பதை (செலக்ட்) முதலிலும் எந்த டேபிளிலிருந்து என்பதை (ஃப்ரம்) பிறகும் எழுதுகிற மாதிரி வைத்துவிட்டார்கள். ஆனால் டேட்டாபேஸ் அந்த வரிசையில் யோசிப்பதில்லை. முதலில் ஃப்ரம், அப்புறம் வேர், குரூப் பை, ஹேவிங், அதற்குப் பிறகுதான் செலக்ட், கடைசியில் ஆர்டர் பை. இதைத் தர்க்க வரிசை என்பார்கள்.

ஆட்டோகம்ப்ளீட்டுக்கு இதனால் என்ன? செலக்ட் என்று அடித்து ஒரு இடம் விட்டதும் கருவி என்ன காட்ட முடியும்? எந்த டேபிள் என்றே இன்னும் சொல்லவில்லை. ஒன்று, எல்லா டேபிளின் எல்லா ஃபீல்டையும் கொட்ட வேண்டும், ஐடி என்று தட்டினால் டேபிளுக்கு ஒரு ஐடி வந்து நிற்கும். இல்லையென்றால் எதையும் காட்டாமல் சும்மா இருக்க வேண்டும். இந்தக் கருவி மட்டம், ஒன்றுமே காட்டவில்லை என்று வருகிற புகார்களில் கணிசமானவை இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. கருவியின் தவறு இல்லை, மொழியின் அமைப்பு அப்படி.

மொழி வடிவமைப்பவர்களுக்கே இது தெரியும். மைக்ரோசாஃப்ட் சி ஷார்ப் நிரல்மொழியில் லிங்க் என்ற க்வெரி அமைப்பைக் கொண்டுவந்தபோது ஃப்ரம் பகுதியை முன்னால் வைத்தார்கள். எடிட்டர் ஆட்டோகம்ப்ளீட் வேலை செய்ய வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். டக்டிபி என்ற டேட்டாபேஸில் ஃப்ரமிலேயே க்வெரியை ஆரம்பிக்கலாம், செலக்ட்டை எழுதாமலே விட்டுவிடவும் செய்யலாம். கூகுள் 2024-இல் வெளியிட்ட பைப் வகை எஸ்கியூஎல்லும் ஃப்ரமில்தான் தொடங்குகிறது.

மற்ற டேட்டாபேஸ்களில் இந்த வசதி இல்லையே என்று கவலை வேண்டாம், கைப்பழக்கத்தை மாற்றினால் போதும்:

1. முதலில் செலக்ட் போட்டு ஒரு நட்சத்திரக் குறி வைத்து, உடனே ஃப்ரம் பகுதியை முழுதாக எழுதுங்கள். ஜாயின், அதாவது ஒரு டேபிளை இன்னொன்றோடு சேர்க்கும் பகுதி, எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள்.
2. ஒவ்வொரு டேபிளுக்கும் ஒரு சுருக்கப் பெயர், அதாவது அலியாஸ், கொடுங்கள். ஆர்டர்ஸ் டேபிளுக்கு ஓ, கஸ்டமர்ஸ் டேபிளுக்கு சி என்கிற மாதிரி.
3. பிறகு மேலே போய் நட்சத்திரத்தை அழித்துவிட்டு, ஓ என்று அடித்துப் புள்ளி வையுங்கள். ஆர்டர்ஸ் டேபிளின் ஃபீல்டுகள் மட்டும் வரிசையாக விழும்.
4. ஒரே பக்கத்தில் பல க்வெரி இருந்தால் ஒவ்வொன்றின் முடிவிலும் அரைப்புள்ளி போடுங்கள். இல்லையென்றால் பார்சர் இரண்டையும் ஒன்றாகப் படித்துக் குழம்பும். சில கருவிகள் வெற்று வரியைக்கூட க்வெரியின் முடிவாக எடுத்துக்கொள்ளும், அதனால் நடுவில் சும்மா வரி விடாதீர்கள்.

இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. இதைச் செய்து பார்க்காமல் எந்தக் கருவியையும் விலைக்கு வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

காசு எந்த இடத்தில் தொடங்குகிறது: ஜாயின்

செலக்ட், ஃப்ரம் மாதிரிக் கீவேர்டை முடித்துக் கொடுப்பது எல்லாக் கருவிக்கும் கைவரும். டேபிள் பெயர், ஃபீல்டு பெயர் காட்டுவதும் பெரும்பாலும் வரும். அதற்கு மேலே போனால்தான் தரம் பிரிகிறது.

ஒரு ஆர்டர் க்வெரி எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரம் ஆர்டர்ஸ் ஓ ஜாயின் என்று அடித்து நிறுத்துகிறீர்கள். சாதாரணக் கருவி எல்லா டேபிள்களையும் அகர வரிசையில் நீட்டும். நல்ல கருவி, ஆர்டர்ஸோடு உறவு இருக்கிற கஸ்டமர்ஸையும் பேமென்ட்ஸையும் மேலே வைக்கும், கஸ்டமர்ஸைத் தேர்ந்தால் ஆன் ஓ.கஸ்டமர்_ஐடி = சி.ஐடி என்பது வரை தானே எழுதிவிடும். பத்து டேபிள் சேர்க்கிற ரிப்போர்ட் க்வெரியில் இது நிஜமாகவே நேரத்தை மிச்சம் பிடிக்கும், அதைவிட முக்கியமாகத் தப்பான ஃபீல்டில் சேர்க்கிற பிழையைத் தடுக்கும்.

அந்த உறவு கருவிக்கு எப்படித் தெரிகிறது? ஃபாரின் கீ மூலம். ஆர்டர்ஸில் இருக்கிற கஸ்டமர்_ஐடி, கஸ்டமர்ஸ் டேபிளின் ஐடியைக் குறிக்கிறது என்று டேபிளை உருவாக்கும்போதே டேட்டாபேஸில் அறிவிப்பதுதான் ஃபாரின் கீ. அது இருந்தால் இலவசக் கருவியும் ஜாயினை எழுதிக் கொடுக்கும். இல்லையென்றால் விலை உயர்ந்த கருவியும் ஃபீல்டு பெயர்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து ஊகிக்கத்தான் வேண்டும். பல பழைய டேட்டாபேஸ்களில் ஃபாரின் கீயே இருக்காது, வேகம் குறையும் என்று யாரோ எப்போதோ எடுத்துவிட்டிருப்பார்கள், அல்லது அந்தக் கட்டுப்பாட்டையெல்லாம் அப்ளிகேஷன் கோடு பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் சந்தா கட்டி வாங்குகிற ஜாயின் வசதி பாதி வீண்.

இதற்கு ஒரு நடுவழி இருக்கிறது. டேட்டாபேஸைத் தொட உங்களுக்கு அனுமதி இல்லாவிட்டால், டிபீவர், டேட்டாகிரிப் என்ற எடிட்டர்களில் விர்ச்சுவல் ஃபாரின் கீ என்று ஒன்றைக் கருவிக்குள்ளேயே அறிவித்துக்கொள்ளலாம். டேட்டாபேஸுக்கு அது தெரியவே தெரியாது, உங்கள் எடிட்டர் மட்டும் அந்த உறவை நினைவில் வைத்துக்கொள்ளும்.

ஜாயின் தவிர, நட்சத்திரக் குறியை முழு ஃபீல்டு பட்டியலாக விரிப்பது, அலியாஸைத் தானே போடுவது, க்வெரியை அழகாக வரி பிரித்து அடுக்குவது, அடிக்கடி எழுதுகிற துண்டுகளைச் சேமித்துச் சுருக்கெழுத்தில் அழைப்பது, ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றினால் எல்லா இடத்திலும் மாற்றுவது, இவையெல்லாம் மேல்தட்டு வசதிகள். இதில் கடைசியாகச் சொன்னது மட்டும்தான் உண்மையில் கடினமான வேலை.

இலவசமாகக் கிடைப்பவை

எந்த டேட்டாபேஸ் என்பதைப் பொறுத்தது இது.

எஸ்கியூஎல் சர்வர் என்றால் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் 2008 பதிப்பிலிருந்தே இன்டெல்லிசென்ஸ் என்ற பெயரில் ஆட்டோகம்ப்ளீட் இருக்கிறது. டேபிள், ஃபீல்டு, ஃபங்ஷன் பெயர்களுக்குப் போதும். ஜாயின் நிபந்தனையை எழுதித் தராது. கமாண்ட் லைன் கட்டளைகளையும் ஏற்கிற எஸ்கியூஎல்சிஎம்டி மோடில் இருந்தால் இன்டெல்லிசென்ஸ் வேலையே செய்யாது, இதையும் சிலர் பழுதென்று நினைத்துக்கொள்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் இன்னொரு எடிட்டரான அஷூர் டேட்டா ஸ்டுடியோவைப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதை நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2025 பிப்ரவரியில் அறிவித்தது, ஆதரவுக்கு 2026 பிப்ரவரி 28 வரைதான் கெடு வைத்தது. மாற்றாக அவர்கள் கைகாட்டியது விஎஸ் கோடும் அதற்கான எம்எஸ்எஸ்கியூஎல் எக்ஸ்டென்ஷனும். இரண்டும் இலவசம்.

போஸ்ட்கிரெஸுக்கு பிஜிஅட்மின் இருக்கிறது, கன்ட்ரோலும் ஸ்பேஸும் தட்டினால் பட்டியல் வரும், சுமார் ரகம். கமாண்ட் லைன் பிடிக்குமென்றால் பிஜிசிஎல்ஐயைப் போட்டுப் பாருங்கள், அடிக்க அடிக்கப் பட்டியல் மாறிக்கொண்டே வரும், ஃபாரின் கீயைப் படித்து ஜாயின் நிபந்தனையையும் சொல்லும். இலவசக் கருவிகளில் இவ்வளவு புத்திசாலித்தனத்தை வேறு எதிலும் அவ்வளவாகப் பார்க்க முடியாது. அதே குழுவினரின் மைசிஎல்ஐ மைஎஸ்கியூஎல்லுக்கு, லைட்சிஎல்ஐ எஸ்கியூலைட்டுக்கு. மூன்றும் ஓப்பன் சோர்ஸ்.

மைஎஸ்கியூஎல்லுக்கு வொர்க்பெஞ்ச், விண்டோஸில் ஹெய்டிஎஸ்கியூஎல். ஆரக்கிளுக்கு அந்த நிறுவனமே இலவசமாகத் தரும் எஸ்கியூஎல் டெவலப்பர். இவற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, அடிப்படை வேலை நடக்கும்.

பல டேட்டாபேஸோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு டிபீவர் கம்யூனிட்டி. 2010 முதல் இருக்கிறது, அப்பாச்சி உரிமம், ஜேடிபிசி டிரைவர், அதாவது ஜாவா நிரல் டேட்டாபேஸோடு பேச உதவும் இணைப்பு, உள்ள எதோடும் பேசும். ஜாவாவில் ஓடுவதால் கொஞ்சம் கனமாக இருக்கும், அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் காடு மாதிரி இருக்கும். ஆனால் அலியாஸ் போடுவது, ஜாயின் சொல்வது என்று மேலே சொன்னதில் பலவும் இதில் உண்டு. மோங்கோடிபி போன்ற, டேபிள் அமைப்பில் இல்லாத நோஎஸ்கியூஎல் டேட்டாபேஸ்கள் வேண்டுமென்றால் கட்டணப் பதிப்புக்குப் போக வேண்டியிருக்கும்.

விம், ஈமேக்ஸ் மாதிரி எடிட்டரை விட்டு வர மனமில்லாதவர்களுக்கும் வழி உண்டு. லேங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் என்று ஒன்றை மைக்ரோசாஃப்ட் 2016-இல் அறிவித்தது. ஆட்டோகம்ப்ளீட் மூளையைத் தனி நிரலாக ஓடவிட்டு, எந்த எடிட்டரிலிருந்தும் அதைக் கேட்டுக்கொள்ளும் ஏற்பாடு. எஸ்கியூஎல்லுக்கும் இப்படிச் சில இலவச சர்வர்கள் இருக்கின்றன.

காசு கொடுத்து வாங்குபவை

இரண்டு வகை. ஒன்று, ஏற்கெனவே இருக்கிற எடிட்டருக்குள் போய் உட்காரும் ஆட்-இன். ரெட்கேட்டின் எஸ்கியூஎல் ப்ராம்ப்ட், டெவார்ட்டின் டிபிஃபோர்ஜ் எஸ்கியூஎல் கம்ப்ளீட் இரண்டும் அப்படி. நாள் முழுக்க மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவிலேயே குடியிருப்பவர்களுக்கு இவை பொருந்தும். ப்ராம்ப்டில் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் டேப் தட்டினால் எல்லா ஃபீல்டும் விரிந்துவிடும், பழகியவர்கள் அதை விடவே மாட்டார்கள். ஆனால் வேறு டேட்டாபேஸுக்கு மாறினால் இந்த முதலீடு உங்களோடு வராது.

இன்னொன்று தனி எடிட்டர். ஜெட்பிரெயின்ஸின் டேட்டாகிரிப் இதில் முன்னணி. பார்சர் தரத்தில் இதை மிஞ்சுவது கடினம். ஒரு க்வெரிக்குள் வித் போட்டு எழுதுகிற தற்காலிக டேபிளின் ஃபீல்டுகளைக்கூடத் தெரிந்துவைத்திருக்கும், பெயர் மாற்றத்தையும் முறையாகச் செய்யும். 2025 அக்டோபரில் வணிகம் சாராத பயன்பாட்டுக்கு இதை இலவசமாக்கிவிட்டார்கள். படிப்பவர்களுக்கும், சொந்த ஆர்வத்தில் ஏதோ கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் இனிக் கேள்வியே இல்லை. சம்பளத்துக்கு வேலை பார்க்கிற இடத்தில் அந்த உரிமம் செல்லாது, இலவசம்தானே என்று அலுவலகக் கம்ப்யூட்டரில் போட்டுவிடாதீர்கள்.

விலையை ஒப்பிடும்போது முதல் ஆண்டுத் தொகையை மட்டும் பார்க்கக் கூடாது. பார்க்க வேண்டியவை:

1. சந்தாவை நிறுத்தினால் என்ன ஆகும்? சில கருவிகள் அன்றோடு நின்றுவிடும். ஜெட்பிரெயின்ஸில் ஓராண்டு கட்டியிருந்தால், அதற்கு உரிய ஒரு பழைய பதிப்பை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம்.
2. உரிமம் ஆளுக்கா, கம்ப்யூட்டருக்கா? வீட்டிலும் அலுவலகத்திலும் போடுகிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.
3. மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ புதுப் பதிப்பு வந்தால் பழைய ஆட்-இன் அதில் ஓடுமா? நிரந்தர உரிமம் என்று மலிவாக வாங்கியது எடிட்டர் மாறியதும் பயனில்லாமல் போகலாம்.

ஏஐ இதில் எங்கே வருகிறது

இதுவரை பார்த்தது எல்லாம் பட்டியல் வகை. ஸ்கீமாவில் இருப்பதை மட்டும் காட்டும், இல்லாத ஃபீல்டை ஒருநாளும் கற்பனை செய்யாது. ஏஐ ஊக வகை. சுற்றியுள்ள எழுத்தைப் பார்த்து அடுத்து என்ன வரக்கூடும் என்று கணிக்கிறது. ஸ்கீமாவை அதற்குக் கொடுக்காவிட்டால், உலகத்தில் பெரும்பாலான ஆர்டர்ஸ் டேபிள்கள் எப்படி இருக்குமோ அப்படித்தான் உங்கள் டேபிளும் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளும்.

ஸ்கீமாவைக் கொடுத்த பிறகும் ஒரு ஓட்டை மிச்சம். ஸ்டேட்டஸ் என்று ஒரு ஃபீல்டு இருக்கிறது, அதில் 1, 2, 3 என்று எண்கள் கிடக்கின்றன, 3 என்றால் ரத்தான ஆர்டர் என்பது உங்கள் குழுவுக்கு மட்டும் தெரிந்த சங்கதி. ஏஐ அழகாக ஒரு எண்ணைப் போட்டு வேர் பகுதியை முடித்துக் கொடுக்கும். க்வெரி பிழையில்லாமல் ஓடும், கணக்கு தப்பாக வரும். இன்னும் மோசமானது கூட்டல்: ஒரு ஆர்டருக்கு மூன்று தவணையில் பணம் வந்திருந்தால், ஆர்டர்ஸையும் பேமென்ட்ஸையும் ஜாயின் செய்து ஆர்டர் தொகையைக் கூட்டும்போது அந்த ஒரே தொகை மூன்று முறை கூடிவிடும். கண்ணுக்குச் சுத்தமாக இருக்கிற க்வெரி, மாத முடிவில் இல்லாத வருமானத்தைக் காட்டும். பட்டியல் வகைக் கருவி இந்தத் தவறைத் தடுக்காது என்பது உண்மைதான், ஆனால் அதில் நீங்கள் வரி வரியாக யோசித்து எழுதுகிறீர்கள், அதனால் சந்தேகம் வர வாய்ப்பு இருக்கிறது.

2023-இல் வந்த பேர்ட் என்ற சோதனைத் தொகுப்பு இந்த இடைவெளியை அளந்தது. 95 டேட்டாபேஸ், 12,751 கேள்வி-க்வெரி ஜோடிகள். அன்றைய சாட்ஜிபிடி 40.08 சதவீதம் சரியாகச் செய்தது, மனிதர்கள் 92.96. அதற்குப் பின் வந்த மாடல்கள் வெகுவாக முன்னேறிவிட்டன. ஆனால் அந்தத் தொகுப்பில் மாடல்கள் திணறிய காரணம், அதாவது நிஜ டேட்டாபேஸின் அழுக்கான மதிப்புகளும் வெளியே தெரியாத உள்விஷயங்களும், உங்கள் டேட்டாபேஸிலும் அப்படியேதான் இருக்கும்.

செலவு என்று பார்த்தால், கோடு எழுத உதவும் ஏஐ கருவியான கிட்ஹப் கோபைலட்டின் இலவசத் திட்டம் 2024 டிசம்பரில் வந்தபோது மாதம் 2,000 கம்ப்ளீஷன், 50 சாட் என்று அளவு வைத்தார்கள். எப்போதாவது க்வெரி எழுதுபவருக்கு அது தாராளம். இதைவிடப் பெரிய செலவு ரகசியம். மேகத்தில், அதாவது இணையம் வழியாக வேறொரு நிறுவனத்தின் சர்வரில், ஓடுகிற ஏஐ என்றால் உங்கள் டேபிள் பெயர்களும் ஃபீல்டு பெயர்களும் வெளியே போகின்றன, எடிட்டரில் ஒட்டி வைத்த உண்மையான ரெக்கார்டுகளும் போகலாம். வாடிக்கையாளர் விவரம் உள்ள இடத்தில் வேலை என்றால் நிறுவனத்திடம் கேட்காமல் தொடாதீர்கள். வெளியே எதுவும் போகக் கூடாது என்றால் ஏஐ மாடல்களைச் சொந்தக் கம்ப்யூட்டரில் ஓட்ட உதவும் ஓலாமா மூலம் க்வென் கோடர் மாதிரி ஒரு சின்ன மாடலைச் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டலாம். சந்தா இல்லை, ஆனால் நினைவகமும் கிராஃபிக்ஸ் கார்டும் நல்லதாக இருக்க வேண்டும், பதிலும் பெரிய மாடல் அளவுக்கு இருக்காது.

வாங்குமுன் சோதித்துப் பாருங்கள்

டெமோ வீடியோவில் நாலு டேபிள் உள்ள மாதிரி டேட்டாபேஸைத்தான் காட்டுவார்கள். அதில் எல்லாக் கருவியும் கெட்டிக்காரக் கருவிதான். சோதனைக் காலத்தில் உங்கள் சொந்த டேட்டாபேஸிலேயே இதையெல்லாம் செய்து பாருங்கள்:

1. இருப்பதிலேயே பெரிய ஸ்கீமாவை இணைத்து, பட்டியல் எவ்வளவு தாமதமாக வருகிறது என்று பாருங்கள். டைப் செய்வதைவிட மெதுவாக வந்தால் அந்தக் கருவி உபத்திரவம்தான்.
2. வித் போட்டு ஒரு தற்காலிக டேபிள் எழுதி, அதன் ஃபீல்டுகள் கீழே வருகின்றனவா என்று பாருங்கள். மலிவான பார்சர் தோற்கிற இடம் இது.
3. சப்க்வெரிக்கு, அதாவது க்வெரிக்குள் இருக்கிற இன்னொரு க்வெரிக்கு, உள்ளே நின்றுகொண்டு வெளி க்வெரியின் அலியாஸைக் கூப்பிடுங்கள்.
4. முதல் பத்து ரெக்கார்டு மட்டும் எடுக்கச் சொல்லி எழுத ஆரம்பியுங்கள். எஸ்கியூஎல் சர்வரில் டாப் வர வேண்டும், போஸ்ட்கிரெஸிலும் மைஎஸ்கியூஎல்லிலும் லிமிட். எல்லா இடத்திலும் லிமிட்டையே நீட்டுகிற கருவிக்கு உங்கள் டேட்டாபேஸைத் தெரியாது.
5. போஸ்ட்கிரெஸில் பெரிய எழுத்து கலந்த பெயருள்ள டேபிளைத் தேர்ந்து பாருங்கள். இரட்டை மேற்கோளைத் தானே போடாவிட்டால் ஒவ்வொரு முறையும் பிழை வரும்.
6. கடைசியாக, உங்களுக்கு அலுவலகத்தில் எந்தக் கணக்கு கொடுப்பார்களோ அதே கணக்கில் உள்ளே போய்ப் பாருங்கள். மைஎஸ்கியூஎல்லிலும் எஸ்கியூஎல் சர்வரிலும் உங்களுக்கு அனுமதி உள்ள டேபிள்கள்தான் ஸ்கீமா விவரத்திலேயே தெரியும். பட்டியல் காலியாக வந்தால் கருவியை மாற்றிப் பயனில்லை, டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவரிடம் அனுமதி கேட்க வேண்டும்.

இந்த ஆறையும் இலவசக் கருவியிலேயே முதலில் ஓட்டுங்கள். தோற்கிற ஒன்றோ இரண்டோ உங்கள் அன்றாட வேலையில் அடிக்கடி வருகிறதென்றால், அந்த ஒன்றுக்காக மட்டும் கட்டணக் கருவியின் சோதனைக் காலத்தைத் தொடங்கலாம்.